சவரி அண்ணன் பார்த்த டயர்

போன செவ்வாய்க்கிழமை காலையில் தாடிக்கொம்பு நிறுத்தத்துக்கு மில் பஸ் சரியான நேரத்துக்கு வந்தது. ஹாரன் அடிக்கவில்லை. ஏறிப் பார்த்தால் டிரைவர் சீட்டில் வேறு ஆள்.

"சவரி அண்ணன் லீவா?" என்று என்னோடு வேலை பார்க்கும் பாண்டியம்மா அக்கா கேட்டார்.

"நேத்து ராத்திரி சாப்ட்டு ஒக்காந்தவரு அப்படியே சாஞ்சுட்டாராம்க்கா. நெஞ்சு வலியாம்" என்றார் புது டிரைவர்.

மில் இருக்கும் வேடசந்தூர் போய்ச் சேரும்வரை பஸ்ஸில் யாரும் பேசவில்லை. எங்கள் பஸ்ஸில் அப்படி ஒரு நாள் இருந்ததே இல்லை.

ஷிப்டு முடிந்து எல்லாரும் அவர் வீட்டுக்குப் போனோம். பெட்டிக்குள் படுத்திருந்தார். தலையில் ஒரு முடி இல்லை. மீசை மட்டும் கருகருவென்று இருந்தது. அவர் மனைவிதான் காலையில் டை பூசிவிட்டாராம். "வெள்ளை மீசையோட அனுப்புனா அங்கன போயும் என்னையத்தான் வைவாரு" என்று சொல்லிவிட்டு அழுதார். எங்களுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

நினைவுக் கூட்டத்தில் மில் பெண்கள் சார்பாக யாராவது பேச வேண்டும் என்றார்கள். எனக்குப் படிப்பு பத்தாவதோடு நின்றாலும் எழுத வரும். பேசத்தான் வராது. அதனால் எழுதித் தருகிறேன். பாண்டியம்மா அக்கா படிப்பார். தன்னைப் பற்றி வரும் இடங்களை அவர் மாற்றிப் படிக்கக் கூடாது.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், பஸ்ஸில் ஏறும்போது "தாத்தா, இது மில்லுக்குப் போகுமா?" என்று கேட்டுவிட்டேன். அவர் தலையை மட்டும் ஆட்டினார். மில் வாசலில் இறங்கும்போது கூப்பிட்டார்.

"தாயி, இங்க வா. மண்டையப் பாத்தா தாத்தாதான். மீசையப் பாத்தா அண்ணன். நீ இனிமே மீசையப் பாத்துக் கூப்புடு."

அன்றிலிருந்து அறுபது தாண்டிய அவர் எனக்கும் அண்ணன்தான். டை பூசிய மறுநாள் வெயிலில் வியர்த்தால், கறுப்பு வழிந்து உதட்டுக்கு வரும். அன்றைக்கு மட்டும் பாண்டியம்மா அக்கா "வாங்க பெரியப்பா" என்பார். அவர் திரும்பிப் பார்க்க மாட்டார்.

தன் உடம்பைப் பற்றி அவரே நிறையச் சொல்வார். "ஆம்பள உடம்பும் மில் பஸ்ஸு மாதிரிதான். ஒவ்வொரு ஸ்டாப்பிங்லயும் ஒண்ணு எறங்கும். முடி எறங்குச்சு, பல்லு எறங்குச்சு, கண்ணு பாதி எறங்கிருச்சு. ஏறுனது தொப்பை ஒண்ணுதான். அதுவும் எறங்க மாட்டேங்குது."

இளவயதில் அவர் பெரிய கோபக்காரராம். அவர் கையால் அறை வாங்காத கண்டக்டரே இல்லை என்பார்கள். ஒரு நாள் ஒட்டன்சத்திரத்துத் தக்காளி லாரி ஒன்று எங்கள் பஸ்ஸின் பக்கக் கண்ணாடியை உடைத்துவிட்டது. அவர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு இறங்கினார். கொலை விழப்போகிறது என்று நாங்கள் பயந்தோம். கொஞ்ச நேரத்தில் ஒரு பை தக்காளியோடு, கண்ணைத் துடைத்துக்கொண்டு ஏறினார்.

"என்னண்ணே, அடிச்சீங்களா?"

"அவனுக்கு நேத்துத்தான் பொம்பளப் புள்ள பொறந்திருக்காம் தாயி. எப்படி அடிக்கிறது? ஜன்னல மூடுங்க, ஒரே தூசி."

பஸ்ஸில் வந்த எல்லாருக்கும் தெரிந்த டயர் கதைக்கு வருகிறேன். இரண்டு வருடத்துக்கு முன்னால் பஸ் வழியில் அடிக்கடி நிற்க ஆரம்பித்தது. "பின் டயர் சத்தம் ஒரு மாதிரியா இருக்கு, பாத்துட்டு வாரேன்" என்று இறங்கிப் புளியமரத்துக்குப் பின்னால் போவார். டயர் இருப்பது பஸ்ஸில். அவர் போவது மரத்துக்கு. எங்களுக்குப் புரிந்துவிட்டது. மில்லுக்குள் நாங்களே பாத்ரூம் போக "டயர் பாத்துட்டு வாரேன்" என்று சொல்ல ஆரம்பித்தோம். சூப்பர்வைசருக்கு இன்றுவரை அர்த்தம் தெரியாது.

ஆனால் பஸ் தாமதமானால் எங்களுக்கு அரை நாள் சம்பளம் போகும். ஒரு நாள், நாங்கள் வரும் நேரத்தைக் குறிக்கும் டைம் ஆபீஸ் சார் மில் வாசலிலேயே பஸ்ஸுக்குள் ஏறிவிட்டார்.

"தெனமும் ஏன் லேட்டு? காரணம் சொல்லலைன்னா நாளையிலருந்து வேற டிரைவர்."

"டயர் சார்" என்றார் அண்ணன்.

"போன மாசம் மாத்துன புது டயர்யா!"

அண்ணன் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வேலை போனாலும் பரவாயில்லை, பஸ் நிறையப் பெண்பிள்ளைகளுக்கு முன்னால் அதைச் சொல்ல மாட்டார் என்று தெரிந்தது. எப்படி எழுந்தேன் என்று தெரியவில்லை.

"என்னாலதான் சார். எனக்கு வாந்தி வரும். நான்தான் நிறுத்தச் சொல்லுவேன்."

உடனே பாண்டியம்மா அக்கா, "எனக்குத் தலை சுத்தும் சார்" என்றார். பின் சீட்டிலிருந்து யாரோ "எனக்கு வயித்தால போகும் சார்" என்றார்கள்.

"இது பஸ்ஸா ஆஸ்பத்திரியா?" என்றார் சார். கூட்டத்துக்கு அவரும் வந்திருப்பார். மன்னிக்க வேண்டும் சார், எனக்கு வாந்தி வந்ததே இல்லை.

சார் அதோடு விடவில்லை. வாந்தி எடுக்கும் பெண் இனிமேல் முன் சீட்டில், கையில் பாலித்தீன் கவரோடு உட்கார வேண்டும் என்று உத்தரவு போட்டார். இனி பஸ் வழியில் நிற்கக் கூடாது. மறுநாளிலிருந்து நான் கவரைப் பிடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன். அண்ணன் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினார். அந்த வாரக் கடைசியில், ரோட்டைப் பார்த்தபடியே மெதுவாகச் சொன்னார்:

"இல்லாத சீக்குக்கு நீ கவரப் புடிச்சு ஒக்காந்திருக்க. இருக்குற சீக்க நான் வாயத் தொறந்து சொல்ல மாட்டேங்குறேன். எங்கப்பனும் இப்படித்தான், வைக்கோல் படப்புப் பக்கமே போயிப் போயி, சொல்லாமலே செத்தான்."

மறுநாள் லீவு போட்டு டாக்டரிடம் போனார். அடுத்த நாள் பஸ்ஸை எடுப்பதற்கு முன்னால் எங்களைப் பார்த்துத் திரும்பி நின்றார். முகம் வியர்த்திருந்தது.

"கேட்டுக்கங்க தாயிகளா. ஆம்பளைக்கு வயசானா அடிவயித்துல ஒரு சுரப்பி வீங்குமாம். ஒண்ணுக்கு அடக்க முடியாது. வெக்கப்படுற சீக்கு இல்லையாம், மாத்திரை இருக்காம். உங்க வீட்டு ஆம்பளைக செத்தாலும் சொல்ல மாட்டானுக. நீங்களாக் கேளுங்க."

நாங்கள் தலையைக் குனிந்துகொண்டோம். பிறகு பாண்டியம்மா அக்கா, "அப்ப டயருக்கு ஒண்ணும் இல்லையாண்ணே?" என்றார். அண்ணன்தான் முதலில் சிரித்தார்.

மாத்திரை கேட்டது. பஸ் நிற்பது குறைந்தது. வேலை போகவில்லை. கடைசி நாள்வரை ஓட்டினார்.

அவர் சொன்னபடி நான் மட்டும் வீட்டில் கேட்கவில்லை. என் அப்பா மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர். "சாப்ட்டீங்களா" என்பதைத் தவிர அவரிடம் நான் எதுவும் கேட்டுப் பழக்கமில்லை. சவரி அண்ணனை அடக்கம் செய்துவிட்டு வந்த அன்று அப்பாவிடம் கேட்டேன். அண்ணனிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்தக் கேள்வியைத்தான்.

"அப்பா, தூக்கத்துல எதுக்கு அடிக்கடி எந்திரிச்சு வெளிய போறீங்க?"

"ஆடு கத்துச்சு. பாக்கப் போனேன்."

"ஆட்ட வித்து மூணு பொங்கல் ஆச்சுப்பா."

அப்பா என்னை நிமிர்ந்து பார்த்தார். அதட்டுவார் என்று நினைத்தேன். நான் நகராமல் நின்று, பஸ்ஸில் கேட்டதை அப்படியே சொன்னேன். சுரப்பி என்ற இடத்தில் மட்டும் குரல் உள்ளே போய்விட்டது. அப்பா துண்டை எடுத்துத் தோளில் போட்டார், மறுபடி எடுத்து மடித்தார். அடுப்படியில் இருந்த அம்மாவுக்குக் கேட்காமல் கேட்டார்:

"அந்த மாத்திரை கசக்குமா?"