கிரீஸ் பூசிய வட்டு

தண்டையார்பேட்டையில் எங்கள் தெருமுனையில் இஷ்ரத் கணினி பழுதுபார்க்கும் கடை வைத்துப் பதினான்கு ஆண்டுகள் ஆகின்றன. அதற்கு முன்னர் ஒரு சரக்குப்பெட்டகக் கிடங்கில் தட்டச்சுப் பணியில் இருந்தார். அங்கே கணினி நின்றுவிட்டால் பொறியாளர் வர இரண்டு நாள் ஆகும். வெளியே டிரெய்லர்கள் எண்ணூர் நெடுஞ்சாலை வரை வரிசை கட்டிவிடும். ஓட்டுநர்களின் வசவைக் கேட்டுச் சலித்த இஷ்ரத், ஒருநாள் தாமே திருப்புளியைக் கையில் எடுத்தார்.

அவரிடம் ஒரு வழக்கம் உண்டு. எந்தப் பெட்டி வந்தாலும், மூடியைத் திறக்குமுன், "கடைசியா இத்த யாரு தொட்டது? எப்ப?" என்று கேட்பார். பதிலைத் தேதியோடு நோட்டில் எழுதிய பிறகே வேலையில் இறங்குவார்.

ஆயுத பூசை முடிந்த வெள்ளிக்கிழமை காலை, என் பழைய கணினியோடு நான் அங்கே காத்திருந்தேன். திருவொற்றியூரில் லேத் பட்டறை நடத்தும் துரை, ஒரு கணினிப் பெட்டியை மார்போடு அணைத்தபடி உள்ளே வந்தார். பின்னால் அவரது பட்டறைக் கடைசல்காரர் பகலவன். பெட்டியின் முகப்பில் சந்தனமும் குங்குமமும் உலர்ந்திருந்தன.

"ஆன் பண்ணா, ஹார்ட் டிஸ்கே இல்லன்னு காட்டுதும்மா. காலைல ரெண்டு கட ஏறி எறங்கியாச்சு. டிஸ்க் பூட்ச்சு, புச்சு வாங்குன்றானுங்க."

"வாங்க வேண்டியதுதானே?"

"ட்ராயிங்லாம் அதுலதாம்மா கீது!"

காட்டுப்பள்ளிப் பக்கத்து நிறுவனம் ஒன்றுக்குப் பம்புத் தண்டுகள் கடைந்து தரும் வேலைக்காகத் துரை இரண்டு ஆண்டுகள் அலைந்தவர். அன்று மூன்று மணிக்கு அந்நிறுவனத்தின் ஆய்வாளர் பட்டறைக்கு வருகிறார். திருத்திய வரைபடங்களை அவரிடம் காட்டியாக வேண்டும்; இல்லையேல் வேலை வேறு பட்டறைக்குப் போய்விடும். வரைபடங்களுக்கு வேறு பிரதி இல்லை.

இஷ்ரத் நோட்டை விரித்தார். "கடைசியா யாரு தொட்டது?"

"யாரும் தொடல."

"பொட்டு தானா வந்து குந்திக்கிச்சாண்ணே?"

பகலவன் சிரித்துவிட்டார். "புதங்கெழம பூஜைக்கு நான்தான் யக்கா தொடச்சேன். மேலாக்கத்தான்."

இஷ்ரத் எழுதிக்கொண்டார். பின்னர் கணினியை இயக்கி, விண்டோஸ் தொடங்குமுன் வரும் பயாஸ் அமைப்புத் திரைக்குள் நுழைந்தார். இணைந்துள்ள வட்டுகளின் பட்டியல் வெறுமையாக இருந்தது. பட்டியலிலேயே பெயர் இல்லையென்றால் விண்டோஸைக் குறை சொல்லிப் பயனில்லை. கோளாறு மின்சாரத்தில் இருக்கவேண்டும், அல்லது கம்பியில், அல்லது வட்டில். அவர் மூடியைத் திறந்து, வட்டின்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். சுழலும் அதிர்வு இல்லை. மின்சாரத்தை நிறுத்தி, வேறொரு மின்கம்பியைச் செருகி, மீண்டும் கை வைத்தார். அப்போதும் அசைவில்லை.

"செத்தேபூட்ச்சு," என்றார் துரை.

"நாடி பாக்கசொல்லோ பக்கத்துல குந்தி ஒப்பாரி வெக்காதீங்கண்ணே."

வட்டைக் கழற்றி, விளக்கடியில் பூதக்கண்ணாடியால் பார்த்தார். கம்பிகள் செருகும் பொன்னிறப் பட்டைகளின்மேல் மஞ்சள் படலம் ஒன்று தடிமனாகப் படிந்திருந்தது. அதில் கரித்தூளும் நூலிழைகளும் ஒட்டியிருந்தன. முகர்ந்து பார்த்தார்.

"இன்னாய்யா இது, கிரீஸா?"

பகலவன் தலையைச் சொறிந்தார். "உப்புக்காத்துக்கா. லேத்து, ட்ரில்லு, வைஸு எல்லாத்தையும் தொடச்சி ஒரு கோட்டிங் குடுத்துதான் பூஜைல வெப்போம். இத மட்டும் வுட்டா துரு புடிச்சிக்குமேன்னு, உள்ள கீற பின்னுக்குலாம் கொஞ்சூண்டு…"

"அட பேஜாரே! வேற இன்னா இன்னாத்துக்குடா வெச்ச?" என்று துரை கத்தினார்.

"சாமி படத்துக்கு மட்டுந்தான் வெக்கல நைனா."

கடலோரப் பட்டறையில் கிரீஸ் படாத இரும்பு ஒரு மழைக்காலம் தாங்காது. பகலவன் தம் தொழில் அறிவுக்குச் சரியானதையே செய்திருந்தார்; ஆனால் இரும்பைக் காக்கும் படலம் இங்கே மின்சாரத்தின் வழியை அடைத்துவிட்டது.

இஷ்ரத் மென்மையான தூரிகையை ஸ்பிரிட்டில் தோய்த்து, பட்டைகளை மும்முறை துடைத்தார். கம்பிகளின் வாய்க்குள்ளும் கிரீஸ் ஏறியிருந்ததால் மின்கம்பி, தரவுக்கம்பி இரண்டையும் மாற்றினார். பின்னர் கடிகாரத்தைப் பார்த்துப் பத்து நிமிடம் காயவிட்டார்.

"மணி பன்னெண்டாவுதும்மா!"

"ஈரத்தோட கரண்டு குடுத்தா அப்பறம் நெசமாவே புச்சுதான் வாங்கணும்."

மறுமுறை கை வைத்தபோது உள்ளங்கையில் அதிர்வு தட்டியது. பட்டியலில் வட்டின் பெயரும் கொள்ளளவும் தோன்றின. துரை பெட்டியைத் தூக்கப் பாய்ந்தார்.

"வைங்க. காப்பி எடுக்காம இது என் வாசல் தாண்டாது."

"ஓடுதுல்ல!"

"இப்ப ஓடுது. வழில நின்னா என்னாண்ட வந்து அழுவீங்க."

வட்டைத் தம் கணினியில் இரண்டாவதாக இணைத்து, வரைபடங்களை ஒரு புதிய வட்டிலும் ஒரு பென்டிரைவிலும் பதிந்தார். நாற்பது நிமிடம் ஆயிற்று. துரை வாசலுக்கும் மேசைக்குமாக நடந்துகொண்டிருந்தார். அதற்குள் இஷ்ரத் பெட்டியின் உட்புறம் முழுவதையும் துடைத்து முடித்தார். முகப்பில் இருந்த பொட்டை மட்டும் தொடவில்லை.

"அடுத்த வருசம் இன்னா பண்ணட்டும் யக்கா?" என்று பகலவன் கேட்டார்.

"பொட்டு வை, மால போடு, எலுமிச்சம்பழங்கூட வை. மூடிய மட்டும் தெறக்காத."

மாலை நான்கு மணிக்கு நான் மறுபடி சென்றபோது, இஷ்ரத் கைப்பேசியில் பேசிக்கொண்டிருந்தார். லேத் சுழலும் ஓசைக்கு மேலே துரையின் குரல் எனக்கும் கேட்டது: "பாத்துட்டாரும்மா! திங்கக்கெழமைக்குள்ள பத்து தண்டு மாதிரிக்குக் கேக்குறாரு!"

"நல்லது. பென்டிரைவ பட்டறைல வெக்காதீங்க, வூட்டுல வெய்ங்க," என்று சொல்லி அழைப்பை முடித்தார். நோட்டில் காலையில் எழுதிய வரியின் எதிரே 'கிரீஸ்' என்று குறித்தார். பிறகு, காலையில் நான் விட்டுச்சென்றிருந்த கணினியை முன்னே இழுத்து வைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"சார், கடைசியா இத்த யாரு தொட்டது?"