ஓடிக்கொண்டிருந்தபோது எடுத்த நகல்

திருப்பதியில் ஒரு தனியார் மருத்துவமனையின் கம்ப்யூட்டர் அறையில் வேலை பார்த்தேன். கம்ப்யூட்டர் படித்தவர்கள் பெங்களூருக்கும் ஹைதராபாத்துக்கும் போய், அங்கிருந்து அமெரிக்காவுக்குப் பறந்துகொண்டிருந்த காலம். எங்களுக்கு டேட்டாபேஸ் அமைத்துக் கொடுத்த இன்ஜினியரும் அப்படிப் போய்விட்டார். தமிழ் பேசும் எல்லையோரத்து நாகலாபுரத்துக்காரியான நான் அங்கேயே தங்கிப்போனேன்.

ரத்தப் பரிசோதனை முடிவுகள் எல்லாம் அந்த டேட்டாபேஸில்தான் இருந்தன. காகிதத்தில் கொடுப்பதை நிர்வாகம் நிறுத்திவிட்டது. டிஸ்க் கெட்டுப்போனால் மீட்பதற்காகத் தினமும் டேப்பில் நகல் எடுப்போம், ஆனால் டேட்டாபேஸை நிறுத்தாமலேயே. நகல் ஓடும்போதே லேபில் புதிய முடிவுகளை ஏற்றிக்கொண்டிருப்பார்கள். அதனால் கோப்பின் முன்பகுதி ஒரு நேரத்து நிலையிலும் பின்பகுதி வேறொரு நேரத்து நிலையிலும் டேப்பில் போய் உட்காரும். இரண்டையும் பொருத்த வேண்டுமானால், நடுவில் நடந்த மாற்றங்களைப் பதிந்து வைக்கும் லாக் கோப்புகள் வேண்டும். அவற்றால் ஒருமுறை டிஸ்க் நிரம்பி லேப் நின்றுபோனது. அன்றே லாக் சேமிப்பதை அணைக்கச் சொல்லிவிட்டார் மேனேஜர்.

"அப்போ தினமும் கொஞ்ச நேரம் நிறுத்திட்டு நகல் எடுக்க விடுங்க சார்" என்றேன்.

"ஆஸ்பத்திரிய எப்டிம்மா நிறுத்தறது? பேஷண்ட்டு வந்துக்கினே இருக்காங்களே."

"எடுத்த நகல் திறக்குதான்னு போட்டுப் பாக்க ஒரு பழைய மெஷினாவது குடுங்க."

"டேப்பு ஓகேன்னு தானே காட்டுது? பரவால்லேது, விடு."

ஒரு நாள் காலையில் டிஸ்க் செத்தது. புது டிஸ்க் மாட்டி டேப்பை ஓட்டினேன். கடைசிவரை தடங்கலில்லாமல் ஓடியது. ஆனால் டேட்டாபேஸ் திறக்கவில்லை. கோப்புகள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை என்றது. முந்தைய டேப், அதற்கும் முந்தையது என்று போட்டுப் பார்த்தேன். எல்லாமே அப்படித்தான்.

எதிரே இருந்த ஐஎஸ்டி பூத்திலிருந்து இன்ஜினியரை அழைத்தேன். "லாக் இருக்குதா?" என்றுதான் முதலில் கேட்டார். இல்லை என்றேன். "அது இல்லாம இங்கேர்ந்து நான் இன்னா பண்ணட்டும், சொல்லு" என்றார்.

திரும்பி வந்தபோது அறை வாசலில் ஓர் அம்மா நின்றிருந்தார். புத்தலப்பட்டிலிருந்து சிறுநீரக வைத்தியத்துக்கு வருபவர். மகன் குவைத்தில். என் பேச்சை வைத்து எல்லைப் பக்கத்துப் பெண் என்று கண்டுகொண்டு, வரும்போதெல்லாம் இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போவார்.

"டாக்டரு பழைய ரிப்போர்ட்டு கேக்கறாரும்மா. அதப் பாத்தாத்தான் கிட்னி எவ்ளோ வேகமா கெட்டுக்கினு போவுதுன்னு தெரியுமாம்."

"அது போயிட்ச்சும்மா."

"எங்க போவும்? அந்தப் பொட்டிலதானே வச்சிருக்க? நல்லாப் பாரு கண்ணு. நான் உக்காந்துக்கினு இருக்கேன், அவசரமில்ல."

அந்த நிதானம்தான் என்னைக் கொன்றது. கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். நான் வெறும் திரையைப் பார்த்தபடி எதையோ தட்டிக்கொண்டிருந்தேன். பெஞ்சில் சாய்ந்து அவர் தூங்கிப்போனார். பிறகு டாக்டரே வந்து எழுப்பி, "மறுபடியும் மொதல்லேர்ந்து டெஸ்ட் எடுப்போம்மா" என்று அழைத்துப் போனார். இனிமேல் எடுப்பது இன்றைய நிலையைத்தான் சொல்லும், வந்த வழியைச் சொல்லாது என்று டாக்டருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அதற்குப் பிறகு நான் கேட்டதெல்லாம் கிடைத்தது. லாக் கோப்புகளுக்கென்று தனி டிஸ்க் வந்தது, நகலைத் திறந்து பார்க்க இன்னொரு மெஷினும் வந்தது. வாரந்தோறும் நகலை அதில் ஏற்றிப் பார்ப்பேன். ஒழுங்காகத் திறக்கும்.

அந்த அம்மாவை மகன் வந்து சென்னைக்குக் கூட்டிப்போனதாக வார்டு நர்ஸ் சொன்னாள். பிழைத்தாரா என்று அவளுக்கும் தெரியவில்லை. புதிய டேட்டாபேஸில் அவர் பெயரைத் தேடினால் அந்த ஒரே ஒரு நாள் பரிசோதனை மட்டும் வரும். பலமுறை தேடியிருக்கிறேன்.