சீனித்தாய் கட்டிய சுவர்

என் தங்கை சீனித்தாய்க்குச் சுவர் கட்டத் தெரியும். சும்மா தெரியும் என்பதல்ல, நன்றாகத் தெரியும். கோவில்பட்டியில் இதை வாய் திறந்து சொல்ல ஒரு ஆள் கிடையாது. அதனால்தான் நான் எழுதுகிறேன்.

தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்கிக்கொண்டிருந்தவள், கல்யாணத்துக்குப் பிறகு கட்டட வேலைக்குப் போனாள். மாப்பிள்ளை லாரியோடு போய்விடுவார், வாரத்தில் ஒரு நாள் வீட்டில் இருந்தால் அதிசயம். மேஸ்திரி பிச்சையாவிடம் இவள் சித்தாள். அதாவது, கொத்தனாருக்குக் கலவையும் கல்லும் சுமந்து கொடுப்பவள். ஆம்பிளைப் பையன் அந்த வேலைக்கு வந்தால் சில வருஷத்தில் கரண்டி பிடித்துக் கொத்தனார் ஆகிவிடுவான். சீனித்தாய்க்குப் பின்னால் சட்டி தூக்க வந்த சோலைச்சாமி அப்படித்தான் ஆனான். பெண் என்றால் தலை நரைத்தாலும் சித்தாள்தான்.

அவளுக்கு அந்தக் கரண்டி வேண்டும். ஒருநாள் கேட்டேவிட்டாள்.

"அண்ணாச்சி, எனக்கும் ஒரு வரி கல்லு வைக்கக் குடுங்க. எத்தன வருசமாப் பாத்துக்கிட்டே நிக்குதேன்."

"பாத்தா வந்துருமாட்டி? நானுந்தான் தெனமும் ரயிலப் பாக்குதேன். ஓட்டச் சொன்னா ஓட்டுவனா?" என்றார் பிச்சையா. வேலை செய்த இடமே சிரித்தது.

இவள் நகரவில்லை. அவரும் விடவில்லை. "ஒங்க வீட்டுக்குப் பின்னால மண்ணு சரியுதுன்னு பொலம்புவேல்லா? அங்கன ஒரு சுவரு கட்டு. கார்த்திகை மழை முடிஞ்சும் அது நின்னுச்சுன்னா கரண்டிய ஒங் கையில தாரேன், போதுமா?"

அவர் கேலியாகச் சொன்னார். இவள் அதை வாக்காக எடுத்துக்கொண்டாள்.

அவள் வீடு ஊருக்கு ஒதுக்கமாகச் சரிவில் இருக்கிறது. பின்னால் சின்னத் தோட்டம்: கறிவேப்பிலை, முருங்கை, கத்தரிப் பாத்தி. தோட்டத்தின் விளிம்பு இடுப்பளவு இறங்கும். அதற்குக் கீழே சுந்தரம்மாள் வீட்டு வாசல். மழை பெய்தால் பாத்தி கரைந்து அந்த வாசலுக்குப் போய்விடும். மற்ற மண்ணைப் போலக் கரிசலைச் சாதாரணமாக நினைக்கக் கூடாது. கோடையில் கை நுழைகிற மாதிரி வெடிக்கும். மழையில் ஊறி உப்பிக்கொண்டு முன்னால் தள்ளும். அந்தத் தள்ளலைத் தாங்கினால்தான் சுவர்.

ஆடியில் ஆரம்பித்தாள். கரிசல் தாண்டி, கடப்பாரை 'டங்'கென்று சுக்கான் பாறையில் தட்டும் வரை அஸ்திவாரம் தோண்டினாள். சிமெண்ட் பிளாக்குகளை நனைத்து நனைத்து வைத்தாள். ஒவ்வொரு வரியையும் மண் பக்கமாக நூலளவு சாய்த்தாள். சுவருக்கும் மண்ணுக்கும் நடுவே கரிசலைப் போடாமல் சல்லியும் சரளும் கொட்டினாள். அடி வரியில் பைப் துண்டுகளைச் சொருகினாள், மண்ணுக்குள் தேங்குகிற தண்ணீர் வெளியே வடிய. குளத்து மடையில் சொல்வதுபோல அதற்கும் கண் என்றே சொன்னாள்.

வினையே அந்தச் சொல்லில்தான் வந்தது.

"என்னட்டி இது, சுவத்துல பொத்தலு?" என்று கீழே நின்று கேட்டாள் சுந்தரம்மாள்.

"கண்ணு வச்சிருக்கேன் சித்தி. மழத் தண்ணி இது வழியா வடிஞ்சிரும்."

"கண்ணா? எங்க வாசலப் பாத்தா கண்ணு வச்சிருக்க?"

சுந்தரம்மாள் மகளுக்கு வருகிற வரன் எல்லாம் தட்டிக்கொண்டே போன சமயம். அத்தனை கண்ணும் வாசலையே வெறித்துக்கொண்டிருந்தால் எந்த இடம் கூடி வரும் என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. சீனித்தாய் வேலைக்குப் போன ஒரு பகலில் எல்லாக் கண்ணிலும் துணியைத் திணித்து, மேலே சிமெண்ட் பூசி, விறகை அடுக்கி மறைத்தும் வைத்துவிட்டாள். சுவரின் முகம் அவள் வீட்டுப் பக்கம். மேலே தோட்டத்தில் நிற்கிற எங்களுக்கு எதுவும் தெரியவில்லை.

ஐப்பசி பாதியில் மழை பிடித்தது. விடாமல் பெய்தது. நான் போனபோது சீனித்தாய் தோட்டத்து விளிம்பில் குனிந்து நின்றாள். "எக்கா, இங்கன பாரு. சுவரு நடுவுல வயிறு தள்ளுது" என்றாள். பாத்தி கஞ்சியாகக் கிடந்தது. வடிய வேண்டிய தண்ணீர் வடியவில்லை.

சுற்றிக்கொண்டு ஓடி, விறகை இழுத்துத் தள்ளினாள். பூசியிருந்த சிமெண்டைப் பார்த்தாள். உளியையும் சுத்தியலையும் எடுத்து உடைக்க ஆரம்பித்தாள்.

சுந்தரம்மாள் குடையோடு ஓடி வந்தாள். "ஏட்டி, தொடாத! எம் மவளுக்கு இப்பத்தான் கயத்தாத்துல ஒரு எடம் கூடி வந்திருக்கு!"

"சுவரு விழுந்தா மாப்பிள்ள வீட்டுக்காரவிய வந்து நிக்க ஒங்களுக்கு வாசலே இருக்காது சித்தி. தள்ளுங்க!"

முதல் கண் திறந்ததும் கறுப்புத் தண்ணீர் அவள் முகத்திலேயே பீய்ச்சியடித்தது. துடைக்காமல் அடுத்ததற்குப் போனாள். எல்லாம் திறந்த பிறகு சுவர் நின்றுவிட்டது. நடுவில் ஒரு பிளாக் மட்டும் விரல் கனத்துக்குப் பிதுங்கி இன்னமும் இருக்கிறது.

கார்த்திகை முடிந்து பிச்சையா வந்தார். தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தார். தோளைக் கொடுத்துத் தள்ளிப் பார்த்தார். "நிக்குதே!" என்றார். வாக்குத் தவறவில்லை. கழுகுமலை ரோட்டில் ஒரு தீப்பெட்டி முதலாளி வீட்டுத் தோட்டத்துக்கு இதே மாதிரிச் சுவர் வேண்டும் என்று அவளை அழைத்துப்போய்க் கரண்டியைக் கையில் கொடுத்தார். அன்றைக்கு மதியம் நான் அவளுக்குச் சோறு கொண்டுபோயிருந்தேன். என் தங்கை வரி வைப்பதைக் கண்ணால் பார்த்தேன்.

வாசலில் பைக் சத்தம் கேட்டது.

"சீனி, கரண்டிய சோலைச்சாமிட்ட குடு. மொதலாளி வாராவ" என்றார் பிச்சையா.

"எதுக்கு அண்ணாச்சி?"

"பொம்பள கட்டுன சுவருன்னா அவிய ஒத்துக்க மாட்டாவ. போன பெறவு வாங்கிக்க. சட்டியத் தூக்கு."

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு சட்டியைத் தூக்கித் தலையில் வைத்தாள்.

முதலாளி சுவரைத் தடவிப் பார்த்தார். "யாரு கட்டுனது?"

"நம்ம சோலைச்சாமிதான்" என்றார் பிச்சையா.

"கை சுத்தமா இருக்குப்பா. ஆமா, இது என்ன அடியில ஓட்ட?"

சோலைச்சாமி விழித்தான். சீனித்தாய்தான் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "தண்ணி வடியதுக்கு மொதலாளி. இல்லன்னா கரிசல் தள்ளிரும்."

அவர் சிரித்தார். "பரவால்லயே! ஒங்க சித்தாளுக்கெல்லாம் வெவரம் தெரியுது."

அன்று திரும்பும்போது அவளைத் திட்டினேன். "நாந்தான் கட்டினேன்னு சொன்னா என்னட்டி?"

"சொன்னா அடுத்த சுவரு கெடைக்காதுக்கா" என்றாள்.

அதற்குப் பிறகு அந்த ரோட்டிலும் இடைசெவல் பக்கமும் அவள் கட்டிய தோட்டத்துச் சுவர்கள் பல நிற்கின்றன. ஒன்றுகூட விழவில்லை. எல்லாவற்றுக்கும் சோலைச்சாமி கட்டின சுவர் என்றுதான் பெயர். இப்போதெல்லாம் பிச்சையா எதுவும் சொல்ல வேண்டியதில்லை. பைக் சத்தம் தூரத்தில் கேட்கும்போதே அவளாகக் கரண்டியைக் கழுவி, சோலைச்சாமி கையில் கொடுத்துவிடுகிறாள்.