பாண்டியம்மாளின் 2.11

திருமங்கலம் நூல் மில்லுக்குக் கம்ப்யூட்டர் வந்தபோது அதைத் தொட்ட முதல் ஆள் பாண்டியம்மாள்தான். தட்டச்சு தெரியும், பயம் கிடையாது. அது போதும் என்று உட்கார வைத்தார்கள். ஏசி அறை, செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும். மில் தொழிலாளர் அத்தனை பேர் சம்பளக் கணக்கும் அவள் கையில். நாலு வருஷமாக அவளுக்குத் தலைகால் புரியவில்லை, அதையும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

அவளிடம் வேலை பழகிய முருகம்மாளை அவனியாபுரம் ஆபீசுக்கு மாற்றியபோது பாண்டியம்மாள் சந்தோஷமாகத்தான் வழியனுப்பினாள். அங்கே புது மெஷின் வந்திருக்கிறது என்று பிறகுதான் தெரிந்தது. ஒரு நாள் முருகம்மாள் போனில் சொன்னாள்.

"அக்கா, வி, ஈ, ஆர்னு அடிச்சு எண்டர் தட்டுங்களேன். உங்க மெஷினை ஓட்டுற டாஸ் புரோகிராம் எந்த வெர்ஷன்னு காட்டும். இங்க 3.30 வருதுக்கா. அங்க?"

பாண்டியம்மாள் தட்டிப் பார்த்தாள். 2.11 என்று வந்தது.

"எல்லாம் ஒண்ணுதான்டி" என்று போனை வைத்துவிட்டாள்.

ஒன்றாவது, மண்ணாவது! அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. அடுத்த வீட்டுக்காரி புது நகை போட்டிருந்தால்கூட இப்படி வயிறு எரிந்திருக்காது. தினமும் காலையில் மெஷினைப் போட்டதும் அந்த மூன்று எழுத்தைத் தட்டுவாள். அதே எண் வரும். பிறகு காரணமே இல்லாமல் பக்கத்து மேஜைக்காரரிடம் சிடுசிடுப்பாள். நான் சொல்லிக் கொடுத்த கழுதை, எனக்கு மேலேயா என்று உள்ளுக்குள் முருகம்மாளைக் கரித்துக் கொட்டுவாள்.

புரட்டாசியில் மேனேஜர் நல்லகாமன் வந்து சொன்னார். "அங்க அடிக்கிற ஃபைல் இங்க ஓட மாட்டேங்குது. உன் மெஷினும் அந்த வெர்ஷனுக்கு வந்தா சரி. இல்லேன்னா சம்பளக் கணக்கை அவனியாபுரத்துக்குக் கொண்டு போயிருவோம். நீ பழையபடி டைப்ரைட்டருக்கே போயிரும்மா."

முருகம்மாளிடம் 3.30 ஃபிளாப்பி இருந்தது. ஒரு வார்த்தை கேட்டால் ஓடி வந்திருப்பாள். பாண்டியம்மாள் கேட்பாளா?

ஆயுத பூஜை வந்தது. அந்த மில்லில் ஒரு வழக்கம் உண்டு. எந்தக் கிளை ஆபீசாக இருந்தாலும் வேலைக்கான சாமான் திருமங்கலத்துக்கு வந்து பூஜையில் இருக்கவேண்டும். ஸ்பேனர், தராசு, ஸ்டேப்ளர் எல்லாம் வரிசையாக இருக்கும். பூஜையில் வைத்ததை மறுநாள் விஜயதசமி காலையில்தான் தொடவேண்டும். முருகம்மாளும் தன் ஃபிளாப்பி டப்பாவைக் கொண்டுவந்து, மூடிக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, பாண்டியம்மாளின் மெஷினுக்குப் பக்கத்திலேயே வைத்தாள்.

பொரியும் சுண்டலும் வாங்க எல்லாரும் முற்றத்துக்குப் போனார்கள். பாண்டியம்மாள் போகவில்லை. மானிட்டரில் செவ்வந்தி மாலை தொங்கியது. சாமி குற்றம் என்று தெரிந்தேதான் டப்பாவைத் திறந்தாள். மெஷினைப் போட்டு, ஃபிளாப்பியைச் செருகி, திரையில் தெரிந்த கோப்புகளை எல்லாம் ஒன்றுவிடாமல் தன் மெஷினில் காப்பி செய்தாள். ஃபிளாப்பியைத் திரும்ப வைத்துவிட்டு, மெஷினை அணைத்து மறுபடி போட்டாள்.

வரவில்லை. கமாண்ட் இன்டர்பிரட்டரைக் காணோம் என்று இங்கிலீஷில் ஒரு வரி வந்து அப்படியே நின்றது. அந்த டாஸில் திரைக்கு வராமல் ஒளிந்திருக்கும் கோப்புகள் இரண்டு உண்டு. அவை இல்லாமல் மற்றதெல்லாம் வீண். அது அவளுக்குத் தெரியாது. அவளுக்குத் தெரிந்ததெல்லாம், மொத்த மில்லின் சம்பளக் கணக்கும் உள்ளே மாட்டிக்கொண்டது என்பதுதான். மெஷினை அணைத்துவிட்டு முற்றத்துக்குப் போனாள்.

மறுநாள் காலை கற்பூரம் காட்டி மேனேஜரே சுவிட்சைப் போட்டார். அதே வரி.

"என்னம்மா இது? நேத்து யாரு தொட்டது?"

முருகம்மாள் திரையைப் பார்த்தாள், தன் டப்பாவைப் பார்த்தாள். மூடியில் குங்குமம் கலைந்திருந்தது. அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

"நாங்கதான் சார். அக்காவும் நானும் பேசி வச்சு வெர்ஷனை மாத்துறோம். பாதியில நிக்கிது. மத்தியானத்துக்குள்ள முடிச்சிரலாம்."

தன் ஃபிளாப்பியைப் போட்டே மெஷினை எழுப்பினாள். முதலில் கணக்குகளை எல்லாம் வேறு ஃபிளாப்பிகளில் எடுத்து வைத்தாள். பிறகு டிஸ்கைத் துடைத்து, புது டாஸை முறையாக ஏற்றி, கணக்குகளைத் திரும்பப் போட்டாள். ஒன்றும் குறையவில்லை.

"பாண்டியம்மா, கணக்கு இங்கயே இருக்கட்டும்" என்றார் மேனேஜர்.

பஸ் ஸ்டாண்டு வரை கூடவே போனாள் பாண்டியம்மாள். ஒரு வசவு விழும், பதிலுக்கு நாலு பேசித் தீர்த்துவிடலாம் என்று பார்த்தாள். விழவில்லை.

"எதுக்குடி அப்படிச் சொன்ன?"

"விடுங்கக்கா. அந்தச் சேர்ல வேற ஆளை வச்சு என்னால பாக்க முடியாது. வாரேன்."

பஸ் கிளம்பியது. பாண்டியம்மாளுக்குச் சேர் கிடைத்தது, வெர்ஷனும் கிடைத்தது. பஸ் போன திசையையே பார்த்துக்கொண்டு நின்றாள். இத்தனை நாள் அவளுடைய பொறாமை முருகம்மாளின் மெஷின் மேல் இருந்தது. இப்போது முருகம்மாள் மேலேயே வந்துவிட்டது.