அண்ணி பற்றவைத்த அடுப்பு

கையிலிருந்த வேதப்புத்தகத்தை என்னிடம் நீட்டிவிட்டு, வெள்ளைப் புடவையின் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு என் அண்ணி தெருவுக்குள் ஓடிய காட்சியில்தான் அவரைப் பற்றிய என் நினைவு எப்போதும் தொடங்குகிறது. சனிக்கிழமை, காலை ஒன்பதரை மணி இருக்கும். ஆராதனைக்குப் புறப்பட்டு இருவரும் வாசலில் நின்றிருந்தோம். நெசவுக்காரர்களான எதிர்வீட்டார் விடிந்ததுமே, தறியில் ஏற்ற வேண்டிய பட்டுப் பாவினைத் தெருவின் நீளத்துக்கு விரித்துக் கட்டியிருந்தார்கள். கத்திரிப்பூ நிறத்தில் ஆயிரக்கணக்கான இழைகள் காற்றில் மெல்ல ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. முதல் தூறல் விழுந்தபோது அந்த வீட்டுக்காரர் வந்தவாசிக்குப் போயிருந்தார். எட்டு மாத வயிற்றோடு அவர் மனைவி மட்டும் வெளியே வந்து, “யக்கா, பாவு நனையுதுக்கா!” என்று கத்தினாள்.

அண்ணி ஓடினார். பாவின் ஒரு முனையைத் தோளில் வாங்கி, இழைகளுக்குக் குறுக்கே செருகியிருந்த கழிகளை ஒவ்வொன்றாகத் தூக்கிச் சுருட்டிக்கொண்டே வந்தார். சேறு அவர் புடவையின் முழங்கால் வரை ஏறியது. நான் குடையும் இரண்டு வேதப்புத்தகங்களுமாக வாசற்படியிலேயே நின்றேன். எங்களுக்கு அது ஓய்வுநாள். வெள்ளி மாலை சூரியன் சாய்ந்ததிலிருந்து சனி மாலை சாயும்வரை எந்த வேலையும் செய்யலாகாது. பிறர் வேலைக்குக் கைகொடுப்பதும் ஆகாது. என் கால்கள் படியைத் தாண்டவில்லை. தாண்ட நினைத்து அடக்கிக்கொண்டேன் என்று எழுத ஆசைதான். உண்மையில் அன்று நான் நினைத்தது, ஆராதனைக்குத் தாமதமாகிறதே என்பது மட்டுமே.

எங்கள் சபை சிறியது. நாற்பது பேருக்கு மேல் ஒருபோதும் இருந்ததில்லை. பெண்களுக்கு வெள்ளைப் புடவை. நகையும் பூவும் கிடையாது. நெசவு செய்யலாம், பட்டு உடுத்தலாகாது. வெள்ளிக்கிழமை பிற்பகலிலேயே சமைத்து மூடிவிட வேண்டும். மறுநாள் அடுப்பு எரியக் கூடாது. கிருபையினால் உள்ளே வந்தோம், பிரமாணத்தினால் உள்ளே நிலைத்திருக்கிறோம் என்பது எங்கள் மூப்பரின் வழக்கமான போதனை. பெண்கள் யார் எதைக் கைக்கொண்டார்கள், எதை மீறினார்கள் என்று குறித்துவைக்க, முதல் பக்கத்தில் விதிகளோடு, ஒரு நோட்டு இருந்தது. பள்ளியில் ஆசிரியையாக இருந்ததால் அந்த நோட்டு என் பொறுப்பில் இருந்தது. என் கையெழுத்து அழகாக இருக்கும் என்பார்கள்.

அண்ணன் காலமான பிறகு அந்த வீட்டில் அண்ணியும் நானும் மட்டுமே. எனக்குத் திருமணமாகவில்லை, சபைக்குள் வரன் அமையவில்லை, சபைக்கு வெளியே தேடுவது எங்கள் வழக்கமில்லை. அண்ணி தேசூர்ப் பக்கத்தில் நிலமில்லாத கூலிக் குடும்பத்தில் பிறந்தவர். ஐந்தாவதோடு பள்ளிக்கூடம் முடிந்துபோனது. மத்தியானங்களில் வேதப்புத்தகத்திலுள்ள நிருபங்களை, அந்தப் பழைய கடிதங்களை, விரல் வைத்து, ஒரு வரியை மூன்று முறை படிப்பார். நான் அவற்றை எத்தனையோ தடவை வாசித்து முடித்திருந்தேன். பாதி மனப்பாடமாகவே தெரியும். ஒருநாள் விரலை எடுக்காமலேயே நிமிர்ந்து கேட்டார்: “சும்மா வாங்க, எதுவும் வாணாம்னு கூப்ட்டுட்டு, உள்ள வந்தப்புறம் டிக்கெட் எங்கன்னு கேட்டுகினு நிக்கறாங்களே, இது இன்னா நியாயம் டீச்சரம்மா?” நான் சிரிக்கவில்லை. அப்படிப் பேசுவது சரியல்ல என்று சொன்னேன். என்னைக் கேலி செய்யும்போதுதான் அவருக்கு நான் டீச்சரம்மா. மற்ற நேரங்களில் பாப்பா.

பாவு சுருட்டிய நிகழ்ச்சியை நோட்டில் எழுதியது நான்தான். யாரும் என்னைக் கேட்கவில்லை. அடுத்த ஓய்வுநாளில் மூப்பர் சபையார் முன்னிலையில் அண்ணியை எழுப்பி நிறுத்தினார். அவர் கொடியவரல்ல. குரலை உயர்த்தாமல், “தப்புதான்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க சிஸ்டர், போதும்” என்றார்.

“மழை வந்துச்சிங்க ஐயா. அந்தப் பொண்ணு புள்ளத்தாச்சி. நனைஞ்சா சாயம் எறங்கிடும், மூணு மாசப் பொழப்பு போயிடும். அதத் தப்புன்னு சொன்னா நான் பொய் சொன்னாப்பல ஆயிடும். பொய்யும் கூடாதுன்னுதானே நோட்டுல இருக்குது?”

பின்வரிசையில் யாரோ சிரித்து அடக்கிக்கொண்டார்கள். மூப்பர் கண்களை மூடிக்கொண்டார். ஆராதனையில் சபையார் பகிர்ந்து உண்ணும் அப்பத்திலிருந்து அண்ணி விலக்கப்பட்டார். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லும்வரை சபையார் எவரும் அவரோடு அமர்ந்து உண்ணலாகாது என்றும் தீர்ப்பாயிற்று. அதே வீட்டில் இருந்த எனக்கென்று தனிச் சலுகை ஏதும் சொல்லப்படவில்லை.

ஒரே வீட்டில் இரண்டு பெண்கள் தனித்தனியாகச் சாப்பிடுவது எப்படிப்பட்டது என்பதை நான் எவருக்கும் விளக்கியதில்லை. அண்ணி சமைப்பார். என் பங்கைத் தட்டில் வைத்து மூடிவிட்டு, தன் தட்டோடு தோட்டத்துப் பக்கம் போய்த் துணி துவைக்கும் கல்லில் உட்கார்ந்துகொள்வார். கூடத்தில் நான் சாப்பிடும் சத்தமும் அங்கே அவர் சாப்பிடும் சத்தமும் ஒன்றுக்கொன்று கேட்கும். இரண்டு தம்ளர்கள் ஒரே நேரத்தில் வைக்கப்படும் சத்தம் கேட்டால் நான் சற்று நிறுத்திக்கொள்வேன். ஐந்து மாதம் அப்படிப் போயிற்று. பேச்சுக்குத் தடை இல்லாததால் அவர் என்னோடு பேசினார். பால் வந்ததா, மழை வருமா என்று. எனக்குத்தான் பதில்கள் சுருங்கிக்கொண்டே வந்தன.

மார்கழியில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை எனக்கு இளைப்பு தொடங்கியது. சனி விடிந்தபோது மூச்சு இழையாகத்தான் உள்ளே போயிற்று. வெந்நீரில் ஆவி பிடித்தால் அடங்கும் என்பது பல வருட அனுபவம். கேஸ் அடுப்பின் முன் லைட்டரைப் பிடித்தபடி நின்றேன். சூரியன் சாயப் பத்து மணி நேரம் இருந்தது. உயிருக்கு ஆபத்து என்றால் விலக்கு உண்டு. ஆனால் இது ஆபத்தா, வெறும் அவஸ்தையா? பலகையில் கணக்குப் போடுபவளைப் போல அதை யோசித்துக்கொண்டே, அடுப்படியைப் பிடித்துக்கொண்டு மூச்சுக்குத் திணறினேன்.

அண்ணி பின்கட்டிலிருந்து வந்தவர் ஒரு பார்வையில் எல்லாவற்றையும் புரிந்துகொண்டார்.

“தள்ளு பாப்பா.”

“வேண்டாம் அண்ணி. இன்னைக்கு...”

“தெரியும்டி. நான்தான் ஏற்கெனவே வெளிய நிக்கிறவளாச்சே, எனக்கின்னா? என் பேர்லயே எழுதிக்கோ. நோட்டுல எடம் நெறையா கெடக்குது.”

லைட்டரை என் கையிலிருந்து எடுத்து அடுப்பைப் பற்றவைத்தார். பாத்திரத்தை ஏற்றினார். கொதித்ததும் என்னை நாற்காலியில் உட்காரவைத்து, தலைமேல் துண்டைப் போர்த்தி, முதுகைத் தேய்த்துக்கொண்டே நின்றார். “இப்போ சூரியன் எங்க இருக்குதுன்னு பாக்காத. மூச்ச மட்டும் இழு” என்றார். மெல்ல மெல்ல என் நெஞ்சு திறந்தது.

பிறருடைய மீறுதலைத் தன்மேல் ஏற்றுக்கொண்ட ஒருவரைப் பற்றி சபை வகுப்பில் வருடக்கணக்காகப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான். கேள்வி பதில்களாக எழுதிப்போடுவேன். சரியாகச் சொன்னவர்களுக்குப் பென்சில் பரிசு. நான் மீற அஞ்சியதை என் இடத்தில் ஒருத்தி சிரித்துக்கொண்டே மீறி, அதன் பலனை எனக்கும் பழியைத் தனக்குமாக வைத்துக்கொண்டபோதுதான், அந்தப் பதில்களில் ஒன்றைக்கூட நான் அதுவரை அறிந்திருக்கவில்லை என்பது எனக்குத் தெரிந்தது. ஆனாலும் அன்று மதியம் தனியாகத்தான் சாப்பிட்டேன். பழக்கம் அறிவைவிட மெதுவாக நகர்கிறது.

மாதத்தின் முதல் சனிக்கிழமை அப்பம் பிட்குமுன் மூப்பரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அடுப்பு எரிந்தது எனக்காக, குற்றம் என்னுடையது என்றேன். அவர் சற்று யோசித்துவிட்டுக் கனிவாகவே சொன்னார்: “நீங்க பத்த வெக்கலையே சிஸ்டர். மீறுனது அவங்கதான். உங்க பேர் சுத்தமாத்தான் இருக்குது. தைரியமா எடுத்துக்கோங்க.”

அப்பத்தட்டு என் வரிசைக்கு வந்தது. சுத்தமான என் பெயரோடு அதைக் கையில் வாங்கினேன். பக்கத்தில் அண்ணி உட்கார்ந்திருந்த இடத்தில் இப்போது வேறொரு பெண் இருந்தாள். எடுத்துக்கொள்ளாமல் தட்டை அவளிடம் கொடுத்துவிட்டு எழுந்தேன். பாட்டு முடிவதற்குள் வெளியே வந்துவிட்டேன். கடைத்தெரு வழியாக நடந்தபோது தறிகளின் சத்தம் வீட்டுக்கு வீடு கேட்டது. எனக்குத் துணிச்சலாகவோ மகிழ்ச்சியாகவோ இல்லை. வகுப்பிலிருந்து சொல்லாமல் ஓடிவந்த பிள்ளையைப் போலத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

வெள்ளிக்கிழமை செய்த புளிச்சோறு மூடியிருந்தது. தட்டை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போய்க் கல்லின் மறுமுனையில் உட்கார்ந்தேன். அண்ணி வாயருகே கொண்டுபோன கையை நிறுத்தினார்.

“யாருனா பாத்துடப் போறாங்க. ஜல்தியா துன்னுட்டு உள்ள போ.”

“பார்க்கட்டும் அண்ணி.”

“அப்ப ஊறுகா எடுத்தாரேன். ரெண்டு பேருக்குப் பத்தாது இது” என்று எழுந்தார். ஊறுகாயோடு திரும்ப அவருக்கு வெகு நேரம் பிடித்தது. வந்தபோது முகம் கழுவியிருந்தார்.

அதன்பின் பதினோரு வருடம் ஒன்றாகச் சாப்பிட்டோம். என் பெயரும் நோட்டில் ஏறியதாக, வேறு யாரோ எழுதியதாக, கேள்விப்பட்டேன். சபையார் கடைத்தெருவில் எதிர்ப்பட்டால் தலையசைப்பார்கள், நிற்கமாட்டார்கள். மூன்று வருடங்களுக்கு முன் அண்ணி இறந்தார். சபையிலிருந்து யாரும் வரவில்லை. எதிர்வீட்டாரும் அவர்கள் சொந்தங்களும் குழி தோண்டுவது முதல் வந்தவர்களுக்குக் காபி கொடுப்பது வரை பார்த்துக்கொண்டார்கள். என்ன பாடுவது என்று அவர்களுக்குத் தெரியாது. நான் ஒருத்தியாகப் பாடினேன்.

இப்போது எனக்கு எந்த விதியும் இல்லை. எந்த நாளிலும் சமைக்கலாம், எவரோடும் உண்ணலாம். பல நாட்கள் நின்றபடியே சாப்பிட்டுவிடுகிறேன். விடுதலை பெற்றவர்களுக்குத் துணை கிடைக்கும் என்று நான் படித்த எதிலும் வாக்களிக்கப்படவில்லை. அதை நான் தாமதமாகக் கவனித்தேன்.

போன மாதம் ஒரு வியாழக்கிழமை நண்பகலில் புதிய மூப்பர் வந்தார். முப்பது வயதிருக்கும், சட்டைக் காலர் வியர்வையில் நனைந்திருந்தது. உட்காரச் சொன்னேன்.

“இந்த வயசுல தனியா கஷ்டப்பட்டுகினு இருக்கீங்கன்னு எல்லாரும் சொல்றாங்கம்மா. சபைக்கு வந்துடுங்க. அன்னைக்கி அடுப்பு எரிஞ்சது, உங்க அண்ணியோட ஒக்காந்து சாப்ட்டது எல்லாம் தப்புன்னு ஒரு வார்த்த சொன்னாப் போதும். பழைய நோட்ட மூடிடலாம்.”

நாற்பது குரல்கள் சேர்ந்து பாடும் ஒலி ஒரு கணம் என் காதில் எழுந்தது. அதற்காக ஏங்காத வாரம் இல்லை. யோசிக்க எனக்கு நேரம் தேவைப்பட்டது என்பதை மறைக்க விரும்பவில்லை.

“அத மட்டும் சொல்ல முடியாதுங்க. அந்த அடுப்புலதான் எனக்கு மூச்சு வந்தது” என்றேன். பிறகு, “சோறு வடிச்சிட்டேன். சாப்பிட்டுட்டுப் போங்களேன்” என்றேன்.

அவர் அடுக்களைப் பக்கம் பார்த்தார். ரசத்தின் வாசனை வந்துகொண்டிருந்தது. காலையிலிருந்து எதுவும் சாப்பிடவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. எழுந்துகொண்டார். “தப்பா எடுத்துக்காதீங்கம்மா. உங்ககூட ஒக்காந்து சாப்ட எனக்கு அனுமதி இல்ல.”

அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அந்தப் பசியையும் அந்தப் பணிவையும் நான் உள்ளிருந்து அறிவேன். செருப்பை மாட்டிக்கொண்டு வெயிலில் இறங்கியவரிடம், “பசி எடுத்தா வாங்க தம்பி. சனிக்கிழமன்னாலும் பரவால்ல, வாங்க” என்றேன்.