கடைசி மெஷினில் தெரிகிறதா?

பேச்சியம்மாள் என்னை மன்னித்திருந்தாரா? செவ்வாய்க்கிழமை காலை, வகுப்புக்குப் போகும் வழியில் அலுவலக உதவியாளர் என்னை நிறுத்தி, "மேடம், நம்ம லேப் பேச்சியக்கா மதுரை ஆசுபத்திரியில தவறிட்டாகளாம்" என்றபோது, துக்கத்துக்கும் முன்னால் இந்தக் கேள்விதான் வந்தது. காய்ச்சல் என்று விடுப்பில் போனவர். பத்து நாள்கூட ஆகவில்லை.

நம் கல்லூரிக் கணினி ஆய்வகத்தின் பொறுப்பாளராக அவரை, இந்த அஞ்சலியைப் படிக்கும் நீங்கள் எல்லோரும் அறிவீர்கள். நாரணாபுரத்துக்காரர். அம்மாவும் அக்காவும் பட்டாசு செய்யும் வெடி கம்பெனி வேலைக்குப் போக, இவர் டிப்ளமா படித்து இங்கே வந்தார்.

மாணவியரின் எட்டுக் குழுக்களுக்கும், அவர்கள் புரோகிராம்களை ஓட்டக் குழுவுக்கொரு சர்வர் வேண்டியிருந்தது. சர்வரைத் தாங்கும் அளவுக்கு உருப்படியான கம்ப்யூட்டர் ஒன்றுதான் இருந்தது. எட்டையும் அதிலேயே ஓட்டலாம் என்றார். ஒரு குழுவின் பிழை எல்லோரையும் கவிழ்க்கும் என்றேன் நான்.

"வெடி கம்பெனிய உள்ள போய்ப் பாத்ததில்லையா மேடம்? ஒரு ரூமுக்கு இத்தன பேருதான். ரூமுக்கு ரூம் இடைவெளி. ஒண்ணு வெடிச்சாலும் பக்கத்து ரூம் தப்பிக்கணும்ல?"

அப்படியே செய்தார். ஒவ்வொரு சர்வருக்கும் தனி ஃபோல்டர், கதவு எண் மாதிரி தனிப் போர்ட் எண், பிழைகளைக் குறித்துவைக்கத் தனிக் கோப்பு. எட்டு எண்களையும் சீட்டில் எழுதி மானிட்டரில் ஒட்டினார். எந்தச் சர்வர் நின்றால் எதை மட்டும் துவக்க வேண்டும் என்பதும் அதில் இருந்தது.

வெளித் தேர்வாளர் முன்னால் முதன்முதலாகக் காட்டிய நாளில், சர்வர்கள் ஓடிய பேச்சியம்மாளின் மெஷினில் எட்டும் திறந்தன. மற்ற மெஷின்களில் ஒன்றுகூடத் திறக்கவில்லை. உட்கார்ந்த இடத்திலேயே சோதித்திருந்தார்; சர்வர்கள் அந்த ஒரு மெஷினுக்கு மட்டும் பதில் சொல்லும்படி இருந்தன.

"உங்கள் மெஷினில் மட்டும் ஓடுவதை யாருக்குக் காட்டப் போகிறீர்கள்?" என்றேன். மாணவிகள் சிரித்தார்கள். பத்து நிமிடத்தில் சரிசெய்துவிட்டு, "ரூம் கதவெல்லாம் திறந்து வச்சிட்டு கம்பெனி வாசல் கேட்டப் பூட்டிட்டேன் மேடம்" என்று அவரும் சிரிக்கப் பார்த்தார். நான் சிரிக்கவில்லை. வருத்தமும் சொல்லவில்லை, அன்றும் பிறகும்.

அதன்பின் எதைத் தொடங்கினாலும் அறையின் கோடியிலுள்ள கடைசி மெஷினில் என்னை உட்காரவைப்பார். "அங்கன தெரியுதா மேடம்?"

"தெரியுது."

"மேடம் தெரியுதுன்னா தெரியுதுதான். அவுக சாமியவே ரெண்டு தடவ பாத்துட்டுத்தான் கும்பிடுவாக" என்பார் மாணவிகளிடம். அது நம்பிக்கையா, பழைய சொல்லின் தழும்பா என்று ஒருமுறைகூட நான் கேட்டதில்லை.

செவ்வாய் மாலை நாரணாபுரம் போனோம். அவருடைய அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "கடைசி மெஷின் மேடம் நீங்கதானா? வீட்டுல எப்பவும் உங்க பேச்சுத்தான்" என்றார். என்ன பேச்சு என்று கேட்க எனக்குத் துணிவில்லை.

அவர் நினைவாக என்னிடம் இருக்கப்போவது அந்தச் சீட்டும், தூரத்து மெஷினிலிருந்து பார்க்காமல் எதையும் நம்பாத பழக்கமும். பழக்கம் என்னுடையது என்று நினைத்திருந்தேன். அதற்கு ஒரு நாற்காலி போட்டவர் அவர்.

மறுநாள் செய்முறைத் தேர்வு. தள்ளிவைக்க முடியவில்லை. பத்தரை மணிக்கு மூன்றாம் குழுவின் புரோகிராம் சிக்கி அதன் சர்வர் நின்றது. மற்ற ஏழும் ஓடிக்கொண்டிருந்தன. ஒரு மாணவி சீட்டைப் பார்த்து அதை மட்டும் மறுபடி துவக்கினாள். நான் கடைசி மெஷினில் இருந்தேன். மூன்றாம் குழுவின் பக்கம் திறந்தது. அங்கன தெரியுதா என்று யாரும் கேட்கவில்லை.

"தெரியுது" என்றேன்.