மார்கழியில் போடாத கையெழுத்து

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷம் தள்ளிப்போட்டுவிட்டேன். மூன்று தடவை நோட்டுப் புத்தகத்தை எடுத்து உட்கார்ந்து, ஒரு பக்கம் எழுதி, கிழித்துப் போட்டிருக்கிறேன். செத்துப்போனவரைப் பற்றிக் குறை எழுதினால் பாவம் என்பாள் என் வீட்டுக்காரி. எனக்கும் அந்தப் பயம் உண்டு. விளக்கேற்றிக் கும்பிடாமல் ஒருநாளும் வேலைக்குப் போனவனில்லை நான். இருந்தாலும் என் கையைப் பிடித்து இழுத்தது வேறு ஒன்று. அவரைத் திட்டி எழுத உட்கார்ந்தால் என்னையும் சேர்த்துத் திட்ட வேண்டியிருந்தது. அதற்குத் துணிவு வர இத்தனை காலம் ஆயிற்று.

நான் தமிழ்ப் பள்ளியில் ஆறாவது வரை படித்தவன். தண்ணீர்க் குழாய் பதிக்கிற வேலையில் இருந்தேன். எழுத்தில் குற்றம் இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். விஷயத்தில் குற்றம் இல்லை, முருகன் சாட்சி.

ஐம்பதுகளில் சிராங்கூன் ரோட்டுப் பையன்கள் சேர்ந்து ஒரு கால்பந்து கிளப் தொடங்கினோம். ஒரு கடைவீட்டு மாடியில் ஓர் அறை, இரண்டு பந்து, பாதிப்பேருக்குக் காலணி இல்லை. அப்போது எங்கள் பகுதியில் ஐந்து லாரி வைத்திருந்த ஒரு முதலாளி வந்து பதினோரு சட்டை வாங்கிக் கொடுத்தார். அந்தச் சட்டைக்காக அவரைத் தலைவர் ஆக்கினோம். அன்றைக்கு அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர் சாகும்வரை எழுந்திருக்கவில்லை. சட்டையின் சாயம் ஒரே வருஷத்தில் போய்விட்டது.

கமிட்டி என்று ஏழு பேர் இருந்தோம். அதில் நானும் ஒருவன். எங்கள் வேலை தலையாட்டுவது. கிளப்பின் ரப்பர் முத்திரையை அவர் தம் வீட்டுச் சாமி அறையில் வைத்துப் பூட்டியிருந்தார். வெள்ளிக்கிழமைதோறும் அதற்குச் சந்தனமும் குங்குமமும் வைப்பார். எங்கள் கடிதங்களில் முத்திரை எப்போதும் சிவப்புத் தீற்றலோடுதான் விழும். அவர் கையெழுத்தும் அந்த முத்திரையும் இல்லாமல் கிளப்பிலிருந்து ஒரு துண்டுக் காகிதம்கூட வெளியே போகாது.

யார் ஆடுவது என்பதையும் அவரே முடிவு செய்வார். அவர் லாரி ஓட்டுகிற ஒருவனுக்குப் பந்து பிடிக்கவே தெரியாது. கோல் காத்தது அவன்தான். ஒரு தடவை பேரர் பார்க் திடலில் ஆட்டம் தொடங்கும் முன் கோல் கம்பத்துக்கு நேரே பூசணிக்காய் உடைத்தார். அதை யாரும் சரியாகக் கூட்டி எடுக்கவில்லை. ஐந்தாவது நிமிஷம் எங்கள் கோல்கீப்பர் அந்தச் சதையில் வழுக்கி மல்லாந்து விழுந்தான், பந்து உள்ளே போயிற்று. எதிர் அணிக்காரர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். தலைவர் எங்களிடம், "பாத்தீங்களா, திருஷ்டி ஒரு கோலோட கழிஞ்சிருச்சு" என்றார். அதற்கும் தலையாட்டினோம். அன்று ஐந்து கோல் வாங்கினோம்.

அந்த மோசமான அணியில் ஒரே ஒருவன் ஆட்டக்காரன். அவன் என் தம்பி. இடது ஓரத்தில் ஓடுவான். புக்கிட் பாஞ்சாங் பக்கம் ஒரு குவாரியில் கல் உடைக்கிற தினக்கூலி வேலை பார்த்தான். நாளெல்லாம் கல்தூசி குடித்துவிட்டு பஸ் பிடித்து வந்து அப்படி ஓடுகிறவனை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை. அப்போதே அவனுக்கு இருமல் தொடங்கியிருந்தது.

ஒருநாள் ஆட்டம் முடிந்ததும் ஓர் அரசாங்க இலாகாவின் அணியைப் பார்த்துக்கொள்ளும் அதிகாரி அவனைக் கூப்பிட்டுப் பேசினார். எங்கள் அணிக்கு வந்து ஆடு, கிடங்கில் நிரந்தர வேலை, குடியிருக்க ஓர் அறை என்றார். அந்தக் காலத்தில் ஆட்டக்காரர்களுக்கு இப்படி வேலை கிடைப்பது உண்டு. ஒரே ஒரு நிபந்தனை. டிசம்பர் முடிவதற்குள், அவனை விடுவிக்கிறோம் என்று எங்கள் கிளப்பின் ரிலீஸ் லெட்டர் வேண்டும். தலைவர் கையெழுத்தும் முத்திரையும் இருந்தால் போதும். இல்லாவிட்டால் அடுத்த பருவம் முழுக்க அவன் வேறு அணிக்கு ஆட முடியாது, வேலையும் இல்லை.

கிளப் பையன்கள் அன்றைக்கே அவனைக் கேலி செய்யத் தொடங்கிவிட்டார்கள். "டேய், கவர்மெண்டு மாப்பிள்ளை வராருடா, வழி விடுங்க!" என்று கத்துவார்கள். அவன் வெட்கப்பட்டுச் சிரிப்பான். அவன் அப்படிச் சிரித்தது அந்த இரண்டு வாரம்தான்.

மார்கழி இரண்டாம் நாள் தட்டில் பழமும் வெற்றிலையும் வைத்து எடுத்துக்கொண்டு, தம்பியோடு தலைவர் வீட்டுக்குப் போனேன். அவர் பழத்தை எடுத்து உள்ளே கொடுத்தார். கடித விஷயத்தைச் சொன்னதும் கண்ணை மூடிக்கொண்டார்.

"இன்னிக்கு என்ன நாளு?"

"மார்கழி ரெண்டுங்க, முதலாளி."

"மார்கழியில உன் மகளக் கட்டிக் குடுப்பியா?"

"மாட்டேங்க."

"இவன் என் வீட்டுப் புள்ள. புள்ளய வேற வீட்டுக்கு அனுப்புற காரியம் இது. மார்கழியில நான் பேனாவத் தொட மாட்டேன். தை பொறக்கட்டும், மொதக் கையெழுத்து இவனுக்குத்தான்."

நான் என்ன செய்தேன் தெரியுமா? கை கூப்பினேன். "நீங்க சொல்றது சரிதாங்க" என்றேன். அந்தப் பேச்சு எனக்கு நியாயமாகவே பட்டது. மார்கழியில் நானும் எந்த நல்ல காரியமும் தொடங்கமாட்டேன்.

தெருவுக்கு வந்ததும் தம்பி வெடித்தான். "அண்ணே, அந்த ஆபீஸ்காரனுக்கு ஏது மார்கழி? அவனுக்கு முப்பத்தொண்ணாம் தேதி லா!"

"பொறுடா. மார்கழி சாமிக்குன்னு உள்ள மாசம். சாமி குடுக்கிறத ஒரு தேதி தடுக்குமா?"

"சாமி குடுத்துட்டாரு. இவருதான் புடிச்சு வச்சிருக்காரு."

அவனுக்கு இருபத்திரண்டு வயது, எனக்கு முப்பது. அவன் கண்டது எனக்குத் தெரியவில்லை.

எங்கள் செயலாளர் ஒரு கத்தோலிக்கர், ஒரு கம்பெனியில் கிளார்க். கடிதத்தைத் தப்பில்லாமல் தட்டச்சு செய்து கையெழுத்துக்கு இடம் விட்டுத் தயாராக வைத்திருந்தார். அதோடு இன்னொரு காகிதமும் இருந்தது. அடுத்த பருவத்துக்கு எங்கள் கிளப்பையே லீக்கில் சேர்ப்பதற்கான படிவம். அதற்கும் அதே கடைசித் தேதி. இரண்டையும் எடுத்துக்கொண்டு அவர் தலைவரிடம் போனபோது நானும் கூடப் போனேன்.

"முதலாளி, எனக்கு மார்கழி கெடையாது, டிசம்பர்தான். நான் போட்டா செல்லும்னா இப்பவே போட்டுருவேன். உங்க கையெழுத்துத்தான் கேக்கிறாங்க."

"அவசரப்படாதய்யா. நம்ம கிளப் இல்லாம அவன் லீக் நடத்திருவானா?"

"நடத்திருவான் முதலாளி. பொங்கல் வரைக்கும் நமக்காகக் கதவத் தொறந்து வச்சிருக்க மாட்டான் லா."

"அப்ப நான் போய்ப் பேசிக்கிறேன்." அவர் போகவில்லை.

கிறிஸ்துமஸ் முடிந்து இரண்டாம் நாள் எனக்கு அவர் லாரிப் பட்டறைக்கு எதிரிலேயே வேலை. குழாய்க்காகத் தோண்டிய குழிக்குள் நின்றுகொண்டிருந்தேன். பட்டறை வாசலில் ஒரு புது லாரி வந்து நின்றது. முன்னால் மாலை, சக்கரத்தடியில் எலுமிச்சை. லாரி விற்கிறவன் ஒரு கட்டுக் காகிதத்தை முகப்பின்மேல் பரப்பினான். தலைவர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். ஒவ்வொரு தாளாகப் புரட்டிப் புரட்டி, நிதானமாக, ஏழெட்டுக் கையெழுத்துப் போட்டார்.

சேற்றோடு குழியிலிருந்து ஏறி ரோட்டைக் கடந்து அவர் எதிரில் போய் நின்றேன்.

"முதலாளி, மார்கழிங்களே?"

அவர் முகம் மாறவில்லை. "அது வியாபாரம்டா. இது புள்ள காரியம். ரெண்டும் ஒண்ணா?"

"கடுதாசி ரெடியா இருக்குங்க. செயலாளர ஓடிப் போய் எடுத்துட்டு வரச் சொல்றேன். இந்தப் பேனாவாலயே ஒண்ணு..."

"ஏன்டா, அவன அனுப்பிட்டா என் டீமுக்கு எவன் கோல் அடிப்பான்? நீ அடிப்பியா, இந்தச் சேத்துக் காலோட?"

லாரி விற்கிறவன் சிரித்தான். அவரும் சிரித்தார்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவர் மார்கழிக்குப் பயந்தவர் இல்லை. நான் பயந்தவன் என்று அவருக்குத் தெரியும். நான் கும்பிடுகிற சாமியையே எடுத்து வாசலுக்குக் காவல் நிறுத்திவிட்டார், நான் உள்ளே வராமல் இருக்க. கடவுள் நம்பிக்கை இல்லாதவன்கூட அப்படிச் செய்யக் கூசுவான்.

கடைசித் தேதி போயிற்று. செயலாளர் அந்த இலாகா அதிகாரியைப் போய்ப் பார்த்தார். அதிகாரி ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு வேறொருவனை எடுத்துக்கொண்டார். லீக்கிலும் எங்களுக்காக யாரும் காத்திருக்கவில்லை. பட்டியல் வந்தபோது அதில் எங்கள் கிளப்பே இல்லை. யாரை விடமாட்டேன் என்று பிடித்து வைத்தாரோ, அவனை ஆடவைக்க அவரிடம் ஓர் அணியும் இல்லாமல் போயிற்று. இதுதான் அவருடைய நிர்வாகம். தம்பி மட்டுமல்ல, பதினான்கு பையன்கள் அந்த வருஷம் முழுக்கத் திடலுக்கு வெளியே நின்று அடுத்தவன் ஆடுவதைப் பார்த்தார்கள்.

தை முதல் நாள் பொங்கல் வைத்துவிட்டு நான் மறுபடியும் அவர் வீட்டுக்குப் போனேன். எதற்குப் போனேன் என்று கேட்காதீர்கள். வாக்குக் கொடுத்தாரே, அதையாவது செய்வார் என்று பார்த்தேன்.

"இனிமே அது எதுக்குடா? தேதிதான் போயிருச்சே. சாமி வேற வழி காட்டுவாரு" என்று சொல்லி, கரும்பு ஒன்றைக் கையில் கொடுத்து அனுப்பினார். அந்தக் கரும்பைச் சிராங்கூன் ரோட்டுச் சாக்கடையில் போட்டேன். திங்கிற பொருளை அப்படிப் போட்டது என் வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான்.

அடுத்த வருஷம் படிவம் போயிற்று, ஆனால் ஆடப் பையன்கள் வரவில்லை. மாடி அறையில் அவர் லாரி டயர்களை அடுக்கிக்கொண்டார். கமிட்டி அதற்கும் தலையாட்டியது. அந்தக் கூட்டத்தில் நான் இல்லை, அதற்கு முன்பே விலகிவிட்டேன். விலகினேனே தவிர, எழுந்து நின்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

தம்பி பிறகு பந்தைத் தொடவில்லை. குவாரியிலேயே இன்னும் பத்து வருஷம் கல் உடைத்தான். இருமல் நெஞ்சில் நிலைத்துவிட்டது. மாடிப்படி ஏறினால் பாதியில் நின்று கம்பியைப் பிடித்துக்கொள்வான். இடது ஓரத்தில் காற்றாய்ப் போனவன்.

அறுபதுகளின் நடுவில் தலைவர் செத்துப்போனார். பெரிய ஊர்வலம். அப்புறம் அவர் பெயரில் ஒரு கிண்ணம் வைத்து ஆட்டம் நடத்தினார்கள். வட்டாரக் கால்பந்தை வளர்த்த வள்ளல் என்று மேடையில் பேசினார்கள். அந்த ஆட்டத்துக்கு நினைவு மலர் போடுகிறோம், பழைய ஆட்டக்காரர் என்ற முறையில் இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும் என்று ஒரு படித்த இளைஞர் எங்கள் வீட்டுக்கு வந்தார். தம்பியும் அன்று அங்கே இருந்தான்.

"தலைவரப் பத்தி நல்லதா ஏதாச்சும் சொல்லுங்க அண்ணே" என்றார் வந்தவர்.

தம்பி இருமி முடித்துவிட்டுச் சொன்னான்: "எனக்கு அவரு கையெழுத்து எப்படி இருக்கும்னே தெரியாது தம்பி. உங்க புத்தகத்துல அத ஒரு பக்கம் போடுங்க. பாத்துக்கிறேன்."

வந்தவருக்குப் புரியவில்லை. சிரித்துக்கொண்டே எழுதிக்கொண்டு போனார். மலரில் தம்பி பேச்சு வரவில்லை. அவன் பெயரில் யாரோ எழுதிய நாலு வரி புகழ்ச்சி வந்தது. அதைப் படித்துக் காட்டினேன். அவன் சட்டையை மாட்டிக்கொண்டு மெதுவாகப் படியிறங்கிப் போனான். அன்றைக்குத்தான் இதை எழுதியே தீருவது என்று முடிவு செய்தேன். அதன் பிறகும் இத்தனை வருஷம்.

படிக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இதை யாரிடமாவது சொல்வதென்றால் இப்படியே சொல்லுங்கள். தலைவரை நான் எழுதியதைவிடக் கெட்டவராக்க வேண்டாம். அவர் திருடவில்லை, அடிக்கவில்லை, பேனாவை எடுக்கவில்லை, அவ்வளவுதான். செத்தவராயிற்றே என்று நல்லவராக்கவும் வேண்டாம். கை கூப்பி 'சரிதாங்க' என்று நான் சொன்னதை விட்டுவிடாதீர்கள். முடிவில் தம்பி அவரை மன்னித்தான் என்று சேர்த்தால் கேட்க நன்றாக இருக்கும் என்று உங்களுக்குத் தோன்றலாம். சேர்க்காதீர்கள். அவன் வாயில் ஒருமுறை பொய்யை வைத்தாயிற்று, அது போதும். அவன் மன்னிக்கவில்லை. நானும் மன்னிக்கவில்லை.